பாதி வேகம்

காலை பத்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. வந்த கையோடு சிபானா லெப்டொப்பைத் திறந்து, விடியற்காலையில் அவசரமாகச் செய்து கொடுத்தனுப்பிய அணிநடை மெட்டை முழுதாக ஒருதரம் ஓடவிட்டாள்.

முதல் நாலு கட்டமும் மேளத்தின் உருட்டல் மட்டும். அதில் ஒன்றும் தெரியவில்லை. மெட்டு தொடங்கியதும் அவளுடைய கை மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டிய மெட்டு, செத்த வீட்டுக்கு அடிக்கும் பறையைப் போல ஒவ்வோர் அடியாக விலகி விலகி விழுந்தது.

திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். வேகக் குறி அங்கே இருந்தது. நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. எண் சரிதான். ஆனால் எண்ணுக்கு முன்னால் நின்றது கறுப்புக் குறி. நிற்க வேண்டியது உள்ளே வெள்ளையான, இரண்டு கறுப்புக்குச் சமமான குறி. மென்பொருள் தானாகக் கறுப்பைத்தான் எடுத்து வைக்கும். வெள்ளையை நாம்தான் தெரிந்தெடுக்க வேண்டும். அவள் மறந்துபோனாள். அதனால் மெட்டு பாதி வேகத்தில் போனது.

"வாப்பா!" என்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மா நஸீறாதான் முதலில் ஓடிவந்தாள்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி அன்றைக்கு மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை கல்முனை மைதானத்தில் வெற்றி விழா. சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் பேண்ட் அணிகள் எல்லாம் ஒரே அணிநடையை, ஒரே வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. இன்றைக்கு ஒத்திகை. படை அதிகாரிகளே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

சிபானாவின் வாப்பா சாலிஹ் மருதமுனையில் ஒரு பாடசாலையின் பேண்ட் ஆசிரியர். அவருடைய பிள்ளைகளுக்கு ஒத்திகை நாளைக்குத்தான். இன்றைக்குக் கல்முனைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் முறை. அதன் பேண்ட் ஆசிரியர் பிரகாஸ். அந்தப் பாடசாலையின் குழல்களையும் கொம்புகளையும் சுனாமி அள்ளிக்கொண்டு போய் நாலரை வருடமாகிறது. மிச்சம் இருப்பது தைத்தும் ஒட்டியும் எடுத்த மேளங்கள்தான்.

"மெட்ட என்ட மகள் கொம்பியூட்டர்ல செஞ்சி தருவா தம்பி. ஸ்பீக்கர்ல அது போகட்டும். புள்ளைகள் மேளத்த அடிச்சிக்கிட்டு நடக்கட்டும்" என்று உத்தரவு வந்த அன்றே சாலிஹ் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு நடந்த கணினி வகுப்பில் முதலாவதாக வந்ததற்குச் சிபானாவுக்குக் கிடைத்த லெப்டொப் அது. இசைக்குறி எழுதும் மென்பொருளை அவள் தானாகவே படித்துக்கொண்டாள்.

நேற்றுப் பின்னேரம் மெட்டின் கடைசிப் பகுதிக்கு வேகக் குறி போட்டு முடித்ததும் மின்சாரம் நின்றது. தொடக்கத்துக்கு உரியதை இன்று விடிய, பற்றரி இறங்கிக்கொண்டிருக்கையில் போட்டாள். மேளத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சீடியில் பதிந்தாள். ஆறே முக்காலுக்குப் பிரகாஸ் சைக்கிளில் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார்.

"என்ன மகள்?" சாலிஹ் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்தார்.

அவள் மெட்டை மறுபடி ஓடவிட்டாள். அவர் பத்து விநாடி கேட்டார்.

"இதா அவருக்கிட்டப் போன?"

"ஓம் வாப்பா."

"யா அல்லாஹ்."

நஸீறா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன நடந்த? மெதுவாப் போனா என்ன? திரும்பப் போட்டாச் சரிதானே?"

"நஸீறா, இது வெற்றி விழாக்கு" என்றார் சாலிஹ். "தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் ஆமிக்காரங்கட முன்னால சாவு மேளம் மாதிரி நடந்தா அவங்க என்ன நினைப்பாங்க? அதுவும் பிரகாஸ்ர பள்ளிக்கூடம்."

அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. பிரகாஸின் மனைவி தக்சாயினியின் தம்பி சுஜீபன் யுத்தம் நடந்த வன்னியில் இருந்தான். இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது படை முகாமுக்கும் தெரியும்.

சாலிஹ் பிரகாஸின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தார். நிறுத்தப்பட்டிருந்தது. மைதான வாசலில் எல்லாருடைய தொலைபேசிகளையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எத்தின மணிக்கு ஒத்திகை?" என்றாள் சிபானா.

"பதினொண்டரைக்கு."

சிபானா கறுப்புக் குறியை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தாள். அவசரத்தில் முதலில் வேறொன்று வந்தது. திருத்திய கோப்பை வேறு பெயரில் சேமித்தாள். ஒருதரம் முழுதாகக் கேட்டாள். சரி. புதிய சீடியைப் போட்டாள். திரையில் பச்சைக் கோடு எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. சாலிஹ் வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த இரைச்சல் வீட்டுக்குள் நிறைந்தது.

"நீ ஏன் போற? சீடியக் குடுத்துவிடு, வாப்பா கொண்டுபோவார்" என்றாள் நஸீறா.

"அங்க அது பாடாட்டி என்னெண்டு பாக்கிறத்துக்கு ஆள் வேணும் உம்மா."

சீடி வெளியே வந்தபோது மணி பதினொன்று பத்து.

பாண்டிருப்பைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் வரிசை. தெரு முழுதும் கொடிகள். ஒரு சிப்பாய் வந்த வாகனங்களை எல்லாம் சிரித்துக்கொண்டே நிறுத்தினான். இன்னொருவன் வாழையிலைத் துண்டுகளில் பாற்சோறு பரிமாறிக்கொண்டிருந்தான்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க!"

"அவசரமாப் போறம்" என்றார் சாலிஹ்.

சிப்பாயின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "சந்தோசம் இல்லையா?"

சாலிஹ் உடனே கை நீட்டி வாங்கினார். வாய் கொள்ளாமல் அள்ளிப் போட்டு, மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். சிபானாவும் தின்றாள். சிப்பாய் அவள் மடியில் இருந்த தாள் பொதியை வாங்கித் திறந்து, சீடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன படம்?"

"படம் இல்ல. மியூசிக். ஸ்கூல் பேண்ட்" என்றாள் சிபானா.

அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்னக் கொடி ஒன்றை மோட்டார் சைக்கிளின் கைபிடியில் செருகினான். "போங்க."

சாலிஹ் வேகத்தைக் கூட்டினார். பின்னால் இருந்த சிபானாவுக்கு அவருடைய முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருப்பது தெரிந்தது.

மைதான வாசலில் தொலைபேசியைக் கொடுத்து அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தபோதே அது கேட்டது.

ஒலிபெருக்கியில் மேளம் உருண்டது. பின் மெட்டு தொடங்கியது.

வீட்டில் லெப்டொப்புக்குள் கேட்டதைவிட மைதானத்தில் அது பெரிதாக இருந்தது. வேகமாகப் போகும்போது தெரியாத ஒன்று அந்த மெட்டில் இருந்திருக்கிறது. மெதுவாக வந்தபோது அது முழுதாக வெளியே தெரிந்தது. கேட்கிறவர்கள் தலைகுனிய வேண்டும்போல் இருந்தது.

மைதானத்தின் நடுவில் எழுபது பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, நீலப் பட்டி. இடது காலைத் தூக்கிவிட்டார்கள். எப்போது கீழே வைப்பது என்று தெரியவில்லை. சிலர் வைத்தார்கள், சிலர் ஒற்றைக்காலில் ஆடினார்கள். மேளம் அடித்தவர்கள் பழகிய வேகத்தில் நாலைந்து அடி அடித்துவிட்டு, மெட்டு பின்னுக்கு நிற்பதைக் கண்டு தயங்கி, அதனோடு சேர்ந்து மெதுவாக அடிக்கத் தொடங்கினார்கள். அதுதான் மோசம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரு நிமிடத்துக்குள் எழுபது பேரும் சவ ஊர்வலம்போல் ஒழுங்காக நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பந்தலின் கீழே நடுக் கதிரையில் இருந்த அதிகாரி எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள்.

ஒலிபெருக்கி மேசைக்குப் பக்கத்தில் பிரகாஸ் நின்றார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. அவர் மேசையைத் தொடவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை. பயத்தில் உறைந்துபோனார் என்று சிபானா நினைத்தாள்.

சாலிஹ் வேலியோரமாகச் சுற்றிப் போகவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லாரும் பார்த்திருக்க, மைதானத்துக்குக் குறுக்காக நடந்தார். ஓடினால் சுடுவார்கள் என்று பயந்தவர்போல், ஓடாமல், விரைந்து நடந்தார். மேசைக்குப் போய் ஒலியை நிறுத்தினார்.

திடீரென்று வந்த அமைதியில் ஒரு பிள்ளையின் மேளக்கோல் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அதிகாரி கையசைத்துக் கூப்பிட்டார். சாலிஹும் பிரகாஸும் போனார்கள். சிபானா பின்னாலேயே ஓடி வாப்பாவின் அருகில் நின்றாள். அதிகாரி சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் சாதாரண உடையில் நின்றவர், சாரம் கட்டினால் கல்முனைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர், நல்ல தமிழில் அதைச் சொன்னார்.

"யாருக்காகத் துக்கம் எண்டு ஐயா கேக்கிறார்."

"துக்கம் இல்ல சேர். சீடியில பிழை" என்றார் பிரகாஸ்.

"சீடிய ஆர் செஞ்ச?"

சிபானா வாய் திறந்தாள். சாலிஹின் விரல்கள் அவளுடைய மணிக்கட்டை நெரித்தன.

"நான்தான்" என்றார் பிரகாஸ்.

சாதாரண உடைக்காரர் ஒரு சின்னக் கொப்பியில் எழுதினார். பெயர், அடையாள அட்டை எண், விலாசம். மனைவியின் பெயரையும் கேட்டார். பிறகு மேசைக்குப் போய் அந்தச் சீடியை உறையோடு எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

புதிய சீடி போடப்பட்டது. பிள்ளைகள் நடந்தார்கள். நன்றாகவே நடந்தார்கள். பந்தலில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அதிகாரி தட்டவில்லை.

ஒத்திகை கலைந்ததும் சாதாரண உடைக்காரர் பிரகாஸிடம் வந்தார்.

"மாஸ்டர், அஞ்சு மணிக்குக் கேம்புக்கு வாங்க. இதச் செஞ்ச கொம்பியூட்டரையும் கொண்டுவாங்க."

வாகை மரத்தடிக் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபடி பிரகாஸ் நின்றார். சாலிஹ் தொலைபேசிகளை எடுக்க வாசலுக்குப் போயிருந்தார்.

"சேர், என்ன மன்னிச்சிக்கோங்க" என்றாள் சிபானா. அழுகை வந்துவிட்டது. "என்ட பிழை. கறுப்புக் குறியப் போட்டுட்டன். நீங்க ஏன் உங்கட பேரச் சொன்ன?"

"அழாத பிள்ள. இதக் கேள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன்ட பிழை முழுக்க இல்ல. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலத்தால, சீடிய வாங்கின கையோட, சீனிமுகம்மதுர கொமினிக்கேசன் கடைக்குப் போனனான். அவரிட்ட ஜெனரேட்டர் இருக்கு. போட்டுக் கேட்டன். மெதுவாப் போகுது எண்டு அப்பவே தெரியும். கடைசிப் பகுதி சரியா ஓடினதால பிழைப்பட்டதெண்டும் தெரியும். ரெண்டாந்தரமும் கேட்டன்."

"ஏன் சேர் கோல் எடுக்கல்ல?"

அவர் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"தக்சாயினி ரெண்டு மாசமா அழுறதுக்கும் பயந்து இருக்கா. அழுதா அயலுக்குக் கேக்கும். சுஜீபன் இருக்கானோ இல்லையோ எண்டு கதைக்கவும் ஏலா. அந்த மெட்டக் கேட்டவுடன... ஒரு நிமிசம் அப்பிடி ஒண்டு எல்லாருக்கும் கேக்கட்டுமே எண்டு தோணிச்சு. ஒரு நிமிசம். பிறகு நிப்பாட்டிப்போட்டு மெசின் பிழை எண்டு சொல்லுவம் எண்டுதான் நினைச்சன். மைதானத்தில நிப்பாட்ட கை வரல்ல." அவர் பிள்ளைகளைக் காட்டினார். "இதுகளக் கொண்டுபோய் நடுவில விட்டுப்போட்டன் பாத்தியா. பைத்தியக்கார வேலை."

சிபானாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"வேற ஆருக்கும் சொல்லாத. வாப்பாக்கும் சொல்லாத" என்றார் பிரகாஸ்.

வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

"லெப்டொப்ப நான் கொண்டுபோறன். நான்தான் செஞ்ச எண்டு சொல்றன்" என்றார் சாலிஹ்.

"அத எங்க அமத்தினாத் திறக்கிற எண்டே உங்களுக்குத் தெரியா வாப்பா. அவங்க ரெண்டு கேள்வி கேட்டாப் போதும்."

"அப்ப அந்தப் பழைய பாட்ட அழிச்சிப்போட்டு, நல்லத மட்டும் வெச்சிக் குடுங்க" என்றாள் நஸீறா.

"அழிச்சா பிரகாஸ் சேர் வேணுமெண்டு செஞ்சதா ஆகும் உம்மா. பிழையான குறி அதிலதான் இரிக்கி. ஆர் பாத்தாலும் கைப்பிழை எண்டு விளங்கும். அதக் காட்டினாத்தான் அவர் தப்புவார்."

"அவர் தப்புவார். நீ?"

சிபானா லெப்டொப்பை எடுத்துப் பையில் வைத்தாள்.

"அவர்ட வீட்டுக்காரிக்கும் புள்ள இரிக்கி, எனக்கும் விளங்குது. நான் கல்லு இல்ல" என்றாள் நஸீறா. "ஆனா கடல் என்ட மகன் ஒருத்தனக் கொண்டு போச்சி. மிச்சமாயிருக்கிற ஒண்டையும் நானே கூட்டிட்டுப் போய் அவங்கட கையில குடுக்கவா?"

சாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் முஸ்லிம்கள், எங்களில் சந்தேகப்பட மாட்டார்கள் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அதை இப்போது மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னால், அப்படியில்லாதவர் ஒருவர் அங்கே தனியாக நிற்கிறார் என்பதும் சேர்ந்துதான் வரும்.

"நான் செஞ்ச வேலைக்கு அவர் பேர் எழுதிக் குடுத்திரிக்கார் உம்மா" என்றாள் சிபானா. "எனக்கும் பயம்தான். கை காலெல்லாம் குளிருது. ஆனா போகாட்டி நான் இனி இந்தப் பெட்டியத் தொடமாட்டன்."

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. மூவரும் தொழுதார்கள். நஸீறா தொழுது முடித்ததும் எழுந்து, தொழுகை உடுப்பைக் கழற்றாமலே செருப்பைப் போட்டாள்.

"நானும் வாறன். ஓட்டோ ஒண்டப் புடிங்க."

முகாம் வாசலில் காவலாளி லெப்டொப் பையைத் திறந்து பார்த்தான். "செய்தவர் மட்டும் உள்ளே."

சாலிஹ் கெஞ்சிப் பார்த்தார். நஸீறா காவலாளியின் முகத்தைப் பார்த்து, "வயசுப் புள்ள, மகன். தனிய என்னெண்டு விடுற?" என்றாள். அவனுக்கு அது விளங்கியதா என்பது தெரியவில்லை. தெருவின் மறுபக்கத்தைக் கையால் காட்டினான். இருவரும் அங்கே போய் நின்றார்கள்.

அறையில் காலையில் பார்த்த அதிகாரியும் சாதாரண உடைக்காரரும் இருந்தார்கள். சுவரோரம் பிரகாஸ் நின்றார். அவளைக் கண்டதும் அவருடைய முகம் சுருங்கியது.

"நான்தான் செஞ்ச சேர்" என்றாள் சிபானா, யாரும் கேட்கும் முன்பே. "மாஸ்டருக்குக் கொம்பியூட்டர் இல்ல. என்னக் காப்பாத்தத்தான் அவர் சொன்ன."

பிரகாஸை வெளியே கூட்டிப் போகச் சொன்னார்கள். கதவு மூடியது.

அவள் பழைய கோப்பைத் திறந்தாள். அதிகாரி யாரையோ கூப்பிட்டார். சீருடையில், நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார். படையின் பேண்ட் அணியில் கொம்பு வாசிப்பவராம். அவர் திரைக்கு முன்னால் குனிந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வேகக் குறியில் விரலை வைத்தார். அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

மெட்டை ஓடவிட்டார். மெதுவாகப் போனது. அதிகாரியின் விரல்கள் மேசையில் தட்டின. கொம்புக்காரர் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பகுதி வந்ததும் மெட்டு சட்டென்று நிமிர்ந்து விரைந்து ஓடியது. அவர் சிரித்துவிட்டார். திரையில் இரண்டு இடங்களைச் சுட்டிக்காட்டி அதிகாரிக்குச் சிங்களத்தில் விளக்கினார். இங்கே கறுப்பு, அங்கே வெள்ளை. இரண்டுக்கும் எண் ஒன்றுதான்.

"கடைசிப் பகுதிய எப்ப போட்ட எண்டு கேக்கிறார்" என்றார் சாதாரண உடைக்காரர்.

"நேத்துப் பின்னேரம். முதல் பகுதி இண்டைக்கு விடிய. கரண்ட் இல்ல. முழுக்கக் கேட்டுப் பாக்கல்ல."

"துக்கத்துக்குச் செஞ்சவன் கடைசியில ஓட விடமாட்டானாம். பழக்கமில்லாத ஆக்கள் விடுற பிழையாம். கொம்பு மாஸ்டர் சொல்றார்."

கொம்புக்காரர் தான் பாடசாலையில் படித்த காலத்தில் அதே பிழையை விட்டுப் பிரம்படி வாங்கியதைச் சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டி அடிவாங்குவதுபோல் காட்டினார். அதிகாரியும் சிரித்தார்.

கொம்புக்காரர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அவர் போனதும் அறை மறுபடி இறுகியது.

சாதாரண உடைக்காரர் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார். குரல் மிருதுவாக இருந்தது.

"தங்கச்சி, நீ பிழை விட்ட. சரி. இப்ப ஒண்டு சொல்லு. மைதானத்துக்குக் கொண்டு வாறத்துக்கு முதல் மாஸ்டர் இதக் கேட்டாரா?"

வாகை மரத்தடியும் தண்ணீர் குடித்த பிள்ளைகளும் அவளுடைய கண்முன் வந்தன.

"இல்ல சேர்."

"நிச்சயமா?"

"அவர்ட வீட்டயும் கரண்ட் இல்ல. கேக்க வழியில்ல. கேட்டிருந்தா எனக்குக் கோல் எடுத்திருப்பார்."

அவர் எழுதினார். சிங்களத்தில் நிறைய எழுதினார். அவள் சொன்னதைவிட அதிகமாக இருந்ததுபோல் பட்டது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். வாசிக்கத் தெரியாத தாளில் அவள் தமிழில் தன் பெயரை எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, காலையில் எடுத்த சீடியை வெளியே வைத்தார். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் ஒரு கடையின் முத்திரை குத்தியிருந்தது. சீனிமுகம்மது கொமினிக்கேசன்.

சிபானா கொடுத்தனுப்பியது வெறும் தாளில் சுற்றித்தான்.

"கடைக்காரருக்கும் சொல்லி அனுப்பியிருக்கு" என்றார் அவர். "நீயும் மாஸ்டரும் வெளிய வாங்கில இரிங்க. நான் சொல்றவரைக்கும் போகவேணா."

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கு. பிரகாஸ் ஏற்கனவே அதில் இருந்தார். அவள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் காவலாளி துப்பாக்கியோடு நின்றான். தெருவின் மறுபக்கத்தில் உம்மாவின் வெள்ளை உடுப்புத் தெரிந்தது. மகள் வெளியே வந்துவிட்டாள் என்று நினைத்து நஸீறா இரண்டு அடி முன்னால் வந்தாள். சாலிஹ் அவளைப் பிடித்து நிறுத்தினார்.

பிரகாஸ் அவளைக் கேள்வியோடு பார்த்தார். அவள் தலையை மிக மெதுவாக, இல்லை என்பதுபோல் ஆட்டினாள். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியவில்லை.

பத்து நிமிடம் போயிருக்காது. சீனிமுகம்மது சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்குள் வந்தார். ஐம்பது வயது மனிதர். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்த முகம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியவர் இருவரையும் கண்டார்.

"அல்லாஹ்வே, சாலிஹ் மாஸ்டர்ர மகளா? நீ என்ன புள்ள இஞ்ச? என்ன என்னத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க?"

காவலாளி திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா? தெரிந்துகொள்ள நேரமில்லை. ஒரு வசனம்தான் பேசலாம். அதையும் சாதாரணமாகப் பேச வேண்டும்.

"ஒண்டுமில்ல சீனிமுகம்மது காக்கா" என்றாள் சிபானா. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "பிரகாஸ் சேர் காலத்தால உங்கட கடையில சீடிக்கு உறை மட்டும்தானே வாங்கின?"

சீனிமுகம்மது அவளைப் பார்த்தார். பிரகாஸைப் பார்த்தார். பிரகாஸ் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"உள்ளே" என்றான் காவலாளி.

சீனிமுகம்மது அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்தார். கதவு அவருக்குப் பின்னால் மூடியது. சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து மேளத்தின் உருட்டலும், அதற்குப் பின்னால் அந்த மெட்டும், மெதுவாக, மெதுவாக வந்தன. அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

பிரகாஸின் கை வாங்கின் விளிம்பைப் பற்றியது.

மெட்டு பாதியில் நின்றது. சீனிமுகம்மது பேசத் தொடங்கினார். குரல் மட்டும் கேட்டது. சொற்கள் வெளியே வரவில்லை.